உழைச்செல்வார்: செவிலியர் பணியில் விளையும் இன்பம்

சொல்லும் பொருளும்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில், திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் எண்ணிய பின், நான்காவதாக அவர் வைத்த சொல் ‘உழைச்செல்வான்’ என்பதாகும். ‘உழை’ என்பதற்குப் பக்கம், இடம் என்பன பொருள். நோயாளியின் பக்கத்தே சென்று, உடனிருந்து, மருந்தை உரிய முறையில் அளித்துப் பேணுபவரையே இச்சொல் குறிக்கின்றது. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதையும் மருத்துவன், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி என நான்கு கூறுகளையே கூறுகின்றது. மருத்துவரையும் மருந்தையும் மட்டும் சொல்லி அமையாது, பக்கத்தில் நிற்பவரையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணிய நம் முன்னோர்தம் நுண்மாண் நுழைபுலம் எண்ணி மகிழத்தக்கது.

இன்று நாம் வழங்கும் ‘செவிலி’ என்னும் சொல்லுக்கும் நெடிய வரலாறு உண்டு. அக இலக்கியங்களில் செவிலி என்பவள் தலைவியைப் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் உயிர்த்தோழியைச் செவிலியின் மகளென்றே தொல்காப்பியம் குறிக்கின்றது. ஈழத்திலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் ‘தாதி’ என்று வழங்க, தமிழகத்தார் மருத்துவமனைப் பணியாளருக்குச் ‘செவிலியர்’ என்னும் பெயரைச் சூட்டினர். தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பேணுபவள் என்னும் பொருள் அப்பெயருக்குள் அடங்கியிருக்கின்றது.

சங்க காலத்தில் புண்பட்டு வீடு திரும்பிய வீரனை இல்லத்தார் எங்ஙனம் பேணினர் என்பதை அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாட்டு காட்டுகின்றது. மனையில் வேம்பின் தழையைச் செருகுகின்றனர், யாழ் இசைக்கின்றனர், வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர், மணியை ஒலிக்கின்றனர், காஞ்சிப் பண்ணைப் பாடுகின்றனர், வீடெங்கும் நறும்புகை எழுப்புகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செயல் அன்று. எனினும், ‘நீ தனியாக இல்லை’ என்று அவ்வீரனுக்கு உணர்த்தும் ஆற்றல் இச்சிறு செயல்கள் அனைத்திற்கும் இருந்தது.

செவிலியர் பணியின் இன்பம் யாது என்னும் வினாவிற்கு விடையும் இங்கேயே தொடங்குகின்றது. உயிரைக் காத்த பெருநாள்கள் ஒரு செவிலியரின் வாழ்வில் சிலவே. எஞ்சிய நாள்கள் அனைத்தும் படுக்கை விரித்தல், உடல் துடைத்தல், கஞ்சி புகட்டுதல், புண் கழுவுதல், நாடி எண்ணுதல் என்னும் சிறு பணிகளால் ஆயவை. அச்சிறு பணிகளே அவருக்கு மனநிறைவைத் தரும் ஊற்று என்பதும், அவ்வூற்று வற்றாமல் காப்பது நம் அனைவரின் கடன் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பணிவிடையின் வரலாறு

பிறர் இழிவெனக் கருதிய பணிகளைச் சிலர் விரும்பி ஏற்றமையால்தான் செவிலியம் என்னும் துறையே தோன்றியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி மதீனாப் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்துப் புண்பட்டோரைப் பேணினார். கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அக்கூடாரத்தில் வைத்துப் பேணப்பட்டமையை வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கிரிமியப் போரின்போது 1854இல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், பின்னர்ச் செவிலியம் பற்றி எழுதிய நூலில் காற்றோட்டம், வெளிச்சம், ஓசை, படுக்கை, உணவு, தூய்மை ஆகியவற்றிற்கே பெரிதும் இடமளித்தார். இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் 1860இல் அவர் தோற்றுவித்த பயிற்சிப் பள்ளி உலகிற்கே முன்மாதிரியாயிற்று. நம் தமிழகத்திலும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி உருவாகி, 1946இல் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்ந்தது.

நிலமும் மக்களும்

இனி, நாம் வாழும் வட்டாரத்தை நோக்குவோம். இராமாநுசர் அவதரித்த திருத்தலமாக நெடுங்காலம் அறியப்பட்ட திருப்பெரும்புதூர், கடந்த முப்பது ஆண்டுகளில் தொழில் நகரமாக உருமாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் நிறுவனமும், 2012இல் டெய்ம்லர் நிறுவனமும் உற்பத்தியைத் தொடங்கின. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடப்பட்டது. பிற மின்னணு நிறுவனங்கள் பின்னர்ப் பெருகின. ஏரியும் வயலுமாக இருந்த நிலத்தில், விடியுமுன்னரே நிறுவனப் பேருந்துகள் அணிவகுத்து நிற்பதை இன்று காண்கின்றோம்.

அப்பேருந்துகளில் ஏறுவோர் யாவர்? தமிழகத்தின் தொலைமாவட்டங்களினின்றும் வந்த இளம்பெண்கள். பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களினின்றும் வந்த இளைஞர்கள். திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில், பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு வளாகத்தைத் தமிழக முதலமைச்சர் 2024 ஆகஸ்டு மாதத்தில் திறந்து வைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் உருவான அவ்வளாகம் ஒரு சிற்றூரினும் பெரிது.

பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட மகளிர் தங்கும் அத்தகைய இடத்தில், காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்க்க எவருடைய தாயும் பக்கத்தில் இல்லை. ‘நற்றாய் தொலைவில் இருக்க, செவிலித்தாய் உடனிருக்க வேண்டும்’ என்னும் நிலை, இங்கே தொழில் நகரத்தின் தேவையாகி நிற்கின்றது.

சிறு பணிகளும் அவற்றின் பயனும்

சிறு பணி என்று நாம் கூறுவனவற்றுள் படுக்கை விரித்தல் முதலாவது. நோயாளியின் கீழே விரிக்கும் துணியில் சுருக்கம் இன்றி இழுத்துச் செருகுவது அழகுக்காக மட்டும் அன்று. அசைய இயலாதவரின் உடல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பின் அவ்விடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் சிதையும். அதுவே படுக்கைப் புண். அதனைத் தவிர்க்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது நெடுங்கால வழக்கம். சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்து பல மாதங்கள் கிடந்த ஓர் இளைஞனைப் புண் ஒன்றும் இன்றி வீட்டிற்கு அனுப்பும் செவிலியர் அடையும் இன்பத்தைப் பிறர் எளிதில் உணரார். ஏனெனில், அவருடைய வெற்றி தோன்றாமல் போன ஒரு புண். கண்ணுக்குப் புலப்படாத ஒன்று.

உடல் துடைத்தலும் அத்தகையதே. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து முகம், கை, முதுகு, கால் என ஒவ்வோர் உறுப்பாகத் துடைக்கும்போது, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து எஞ்சிய உடலைப் போர்த்தி வைப்பது முறை. நோயாளியின் நாணத்தைக் காக்கும் இவ்வொழுங்கு, செவிலியர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அவ்வாறு துடைக்கும்போதே தோலின் நிறம், வீக்கம், புதிய புண், மூச்சின் தன்மை ஆகியவற்றை அவர் கண்கள் அளந்துவிடுகின்றன. எழ இயலாதவருக்குப் ‘பெட்பேன்’ வைத்து எடுப்பதும், அவர் கூசாதவாறு முகக்குறிப்பு மாறாமல் அதனைச் செய்வதும் இதனோடு சேர்ந்தவை. பிறர் அருவருக்கும் இப்பணியைச் செய்து முடித்தபின், அந்நோயாளியின் முகத்தில் தோன்றும் ஆறுதலே தமக்குரிய கூலி என்று செவிலியர் பலர் கூறுவர்.

இவ்வட்டாரத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவருடன் நாம் உரையாட வாய்ப்புற்றோம். அறுவை அரங்கில் நின்ற நாள்களைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசினாரல்லர். இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்த ஒரு தொழிற்கூடப் பெண்ணுக்கு நாள்தோறும் தலைவாரிப் பின்னல் இட்டதைப் பற்றியே அவர் விரித்துரைத்தார். அப்பெண் குணமாகிச் சென்ற பின்பும், தம்மை எங்கே கண்டாலும் ‘தலை பின்னிவிட்ட சிஸ்டர்’ என்றே அழைப்பாளாம். ஊசி போட்டதும் டிரிப்ஸ் ஏற்றியதும் அவள் நினைவில் இல்லை. தலைவாரிய கை நினைவில் இருக்கின்றது.

மொழியறியா நோயாளியிடம் அவர்தம் மொழியில் ஒரு சொல் பேசுதலும் ஒரு பணியே. வடமாநில இளைஞன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்க, ‘தர்த்?’ என்று கேட்டு, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லும் தமிழ்ச் செவிலியர் இன்று இவ்வட்டாரத்தில் உண்டு. அவன் ‘தீதி’ என்று அழைத்த அக்கணமே பாதி அச்சம் நீங்கிவிடுகின்றது. மருந்து அதன் பின்னரே தொடங்குகின்றது.

சிறு பணி உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று வேண்டுவோர் 1971ஆம் ஆண்டை நோக்குக. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் போதாமையால், டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு, அம்முறையால் நூற்றுக்கு நான்கிற்கும் கீழே குறைந்தது. புகட்டியோர் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர். அவர்கள் செய்தது பக்கத்தில் அமர்ந்து சிறிது சிறிதாக வாயில் வார்த்ததே. விடுதி உணவால் வயிற்றுப்போக்குற்ற ஒரு பெண்ணுக்கு, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கரைத்து, வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மீண்டும் புகட்டும் செவிலியர் அதே வரிசையில் நிற்பவரே ஆவார்.

தொழிற்கூடத்துச் செவிலியர்

ஒவ்வொரு 150 தொழிலாளருக்கும் குறைந்தது ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றும், 500க்கு மேற்பட்டோர் பணியாற்றும் தொழிற்கூடத்தில் மருத்துவ, செவிலியப் பணியாளர் பொறுப்பில் ஓர் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அவ்வறையில் பணியாற்றும் செவிலியரின் நாள் பெரும்பாலும் தலைவலி மாத்திரை, சிறு கீறல், வயிற்று வலி என்று கழியும். ஆயினும் அச்சிறு நிகழ்ச்சிகளுக்குள்ளேதான் அவருடைய கலை அடங்கியுள்ளது.

வேதிப்பொருள் கண்ணில் தெறித்தவரை உடனே ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கண் கழுவச் செய்தல் வேண்டும். எரிச்சலால் கண்ணை மூடிக்கொள்பவரின் இமையை விரலால் மெல்லத் திறந்து, ‘இன்னும் சிறிது நேரம், தம்பி’ என்று சொல்லிக்கொண்டே நிற்பது செவிலியர் கடமை. அப்பதினைந்து நிமிடத்தில் ஒருவனின் பார்வை காக்கப்படக்கூடும்.

அழுத்தும் எந்திரத்தில் விரல் துண்டானால், அத்துண்டை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர்புகாப் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மீது வைத்து மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். பனிக்கட்டியில் நேரே வைத்தால் திசு கெடும். கை அறுவைக்குப் பெயர்பெற்ற சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் வல்லுநர் அவ்விரலைப் பொருத்த இயலுமா என்பது, தொழிற்கூடத்து அறையில் முதற்சில நிமிடங்களில் ஒரு செவிலியர் செய்ததையும் பொறுத்தது.

இனி, அடிக்கடி மயங்கி விழும் இளம்பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். 2019-21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளதாகக் கூறுகின்றது. இரவு ஷிப்ட் முடிந்து காலை உணவின்றி உறங்கும் பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தே வெளுப்பை அறிந்துகொள்ளும் செவிலியர், அவளைக் குருதிப் பரிசோதனைக்கு அனுப்புகின்றார். மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கலாகாது, எலுமிச்சைச் சாற்றோடு உட்கொள்வது நன்று என்று சொல்லித் தருகின்றார். மூன்று திங்கள் கழித்து அவள் படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை என்று வந்து சொன்னால், அச்செய்தி அவருக்குப் பரிசு பெற்றதற்கு ஒப்பாகும்.

தொழிற்கூடத்துச் செவிலியருக்கு ஓர் இக்கட்டும் உண்டு. ‘மாத்திரை கொடுத்து லைனுக்கு அனுப்புங்கள்’ என்று சூப்பர்வைசர் கூற, நடுங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு வேண்டுவதோ ஓய்வு. அந்நேரத்தில் காய்ச்சலின் அளவைப் பதிவேட்டில் எழுதி, ‘இவர் இன்று பணி செய்யத் தக்கவரல்லர்’ என்று கையொப்பமிட மனத்திண்மை வேண்டும். எழுதுவது ஒரே வரி. ஆனால் அவ்வொரு வரியால் ஒருத்தி போர்வை போர்த்திப் படுக்கின்றாள். அவள் உறங்குவதைக் கண்டு நிற்கும் நிறைவு, ஊதியப் பட்டியலில் எழுதப்படாத ஊதியம்.

இன்பம் தேயும் இடம்

இத்துணை இன்பம் தரும் பணியை விட்டுச் செவிலியர் பலர் சோர்ந்து விலகுவது ஏன்? விடை எளிது. பக்கத்தில் நிற்பதற்கு நேரம் வேண்டும். அந்நேரம் அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

ஐரோப்பாவில் பன்னிரண்டு நாடுகளின் மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நேரமின்மையால் செவிலியர் செய்யாது விட்ட பணிகள் யாவை என வினவியது. முதலிடம் பெற்றது யாது? நோயாளியிடம் பேசி ஆறுதல் கூறுதல். செவிலியருள் பாதிக்கும் மேற்பட்டோர் அதனையே விட நேர்ந்தது என்றனர். ஊசியும் மருந்தும் எவ்வாறேனும் நடந்துவிடும். அளவிட்டு எழுத இயலாத அன்புப்பணியே முதலில் வெட்டுண்ணும். எப்பணி அவருக்கு இன்பம் தருகின்றதோ அப்பணியே அவரிடமிருந்து முதலில் பறிபோகின்றது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

இழப்பு செவிலியரோடு நிற்பதும் இல்லை. அதே ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒரு செவிலியர் பேண வேண்டிய நோயாளர் எண்ணிக்கை ஒன்று கூடுந்தோறும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு கூடுவதைக் காட்டியது. நம் நாட்டில் இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவுகோல், கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று படுக்கைக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைக்கு ஒருவர் என்பது. நம் மருத்துவமனைகளின் இரவு வார்டுகளைக் கண்டோர், அளவுகோலுக்கும் நடப்புக்கும் உள்ள தொலைவை நன்கு அறிவர்.

ஊதியமும் அத்தகையதே. 2015இல் தேர்வு வாரியத்தின் வழியே தமிழக அரசுப் பணிக்கு ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணிநிலைப்பு வேண்டி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினர். அதன் பின் அவ்வூதியம் உயர்த்தப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணையின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. ‘சேவை’ என்று புகழ்ந்துவிட்டு ஊதியத்தைக் குறைப்பது, புகழ்ச்சியைக் கூலிக்கு ஈடாக்கும் செயலாகும். பணியில் இன்பம் உண்டு என்பது உண்மையே; அவ்வின்பத்தைக் காட்டி உரிமையை மறுப்பது அறமன்று.

நிறைவுரை

இம்மலரைப் படிக்கும் மாணவ மணிகளுள் சிலர் நாளை இத்தொழிற்கூடங்களில் மேலாளராகவோ அலுவலராகவோ அமரக்கூடும். பலர் ஏதேனும் ஒரு நாள் மருத்துவமனைப் படுக்கையருகே உறவினராக நிற்கக்கூடும். அவர்களுக்கு நாம் கூற விழைவன மூன்று.

மேலாளராக அமர்வோர், ஆம்புலன்ஸ் அறையின் செவிலியரைப் பதிவேடு எழுதும் எழுத்தராகக் குறுக்காமல், அவர் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பளிக்கட்டும். உறவினராக நிற்போர், செவிலியரை விரல் சொடுக்கி அழையாமல், பெயரைக் கேட்டறிந்து அழைக்கட்டும். அவர் வேறொரு படுக்கையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பின், அது வீண்பேச்சு அன்று, மருத்துவத்தின் நான்காம் கூறு என உணரட்டும். செவிலியர் படிப்பை நாடும் தம் மகளையோ மகனையோ, ‘பிறர் அழுக்கை எடுக்கும் வேலை’ என்று கூறித் தடுக்கும் பெற்றோர், அவ்வழுக்கை எடுப்பார் இலரேல் தம் முதுமையில் தம்மைப் பேணுவார் யார் என்று ஒருகணம் எண்ணட்டும்.

மூன்று வேளை ஷிப்டும் ஓயாது சுழலும் இவ்வட்டாரத்தில், தாயைப் பிரிந்து வந்த ஆயிரமாயிரம் பிள்ளைகள் உழைக்கின்றனர். உழைப்போர்க்கெல்லாம் உழைச்செல்வோர் வேண்டும். அவ்வாறு செல்வோர், சென்ற இடத்தில் சிறிது நேரம் நிற்பதற்கு வேண்டிய ஆளும், காலமும், ஊதியமும் அவர்களுக்கு அமைக. அவை அமையின், அவர்தம் பணியிலுள்ள இன்பத்தை நாம் எடுத்துரைக்கும் தேவையே இராது. அவர்கள் பேணிய நோயாளிகளே அதனைச் சொல்வர்.